படிவத்தில் இல்லாத கேள்வி

"குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா, தோல் அலர்ஜி, அடுக்குத் தும்மல் ஏதாவது உண்டா?"

மகளுக்கு இப்போது ஏழு வயது. இந்தக் கேள்வியை எங்களிடம் முதலில் கேட்டபோது அவளுக்கு நாலு மாதம். கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் தோல் சிவந்து, நீர் கசிந்து, தூக்கத்திலும் சொறிந்துகொண்டே இருந்தாள். கரப்பான் என்றார்கள். ஒன்றரை வயதில் முட்டை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வயதில் ஒவ்வொரு சளியும் நெஞ்சுக்குள் இறங்கி வீசிங் ஆனது. ஐந்து வயதில், காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல். தோலில் தொடங்கி வயிறு, நெஞ்சு, மூக்கு என்று இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு 'அலர்ஜி மார்ச்' என்று மருத்துவத்தில் பெயரே இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புது மருத்துவர், ஒரு புதுப் படிவம், அதே பழைய கேள்வி.

கேள்வியில் தப்பில்லை. கேட்கவேண்டியதுதான். யாரைப் பார்த்துக் கேட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. நானும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். குழந்தை பெரும்பாலும் என் மடியில் இருக்கும். மருத்துவரின் பார்வை நேராக மனைவியிடம் போகும். "மாசமா இருந்தப்போ ஆன்டிபயாட்டிக் ஏதாவது எடுத்தீங்களா? சிசேரியனா, நார்மலா? தாய்ப்பால் எத்தனை மாசம் குடுத்தீங்க? ஃபோலிக் ஆசிட் ஒழுங்கா போட்டீங்களா? டென்ஷன் ஏதாவது இருந்துச்சா?" ஒவ்வொன்றுக்கும் அவள் பரீட்சையில் வாய்மொழித் தேர்வுக்கு நிற்கிற பிள்ளைபோலப் பதில் சொல்வாள். என்னிடம் வருவது ஒரே ஒரு கேள்வி: "நீங்க வீட்டுக்குள்ள ஸ்மோக் பண்ணுவீங்களா சார்?" "இல்லை டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாடியே விட்டுட்டேன்." "வெரி குட்." அதோடு என் பங்கு முடிந்துவிடும். பாராட்டு வேறு.

ஒருநாள் அவள் கைபேசியில் மருந்துச் சீட்டின் படத்தைத் தேடும்போது ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. '5ஆம் மாதம் காய்ச்சல், மூன்று நாள் மாத்திரை. 7ஆம் மாதம் ஆபீஸ் வேலை, இரண்டு வாரம் தூக்கம் இல்லை. சிசேரியன். பால் 4 மாதம்.' மருத்துவர்கள் கேட்டால் சொல்வதற்காகக் குறித்து வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே போகப் போக வரிகள் நீண்டன. யாரோ பக்கத்தில் கொசுவர்த்தி ஏற்றியது, ஒரு கல்யாணத்துக்குப் போன நீண்ட பஸ் பயணம். கடைசி வரி: 'பெட்ரூமுக்கு பெயிண்ட் அடிச்சது எந்த மாசம்?' அந்தக் குறிப்பைக் கடைசியாகத் திருத்திய தேதி, மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு அடுத்த வாரம். ஆறு வருஷமாக ஒரு குற்றப்பத்திரிகையைத் தானே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்ததைச் சொல்லாமல் கைபேசியை வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் படிக்க ஆரம்பித்தேன்.

எழுத்தும் புள்ளியும்

பரம்பரை என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மரபணு வரிசை கிட்டத்தட்ட ஒன்றே. 2000இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு நிலக்கடலை அலர்ஜி இருந்தால் இன்னொருவருக்கும் இருந்தது சுமார் 64 சதவீத ஜோடிகளில். தனித்தனிக் கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் அது 7 சதவீதம்தான். ஆக, மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் மிச்சமுள்ள 36 சதவீத ஜோடிகளில் என்ன நடந்தது? அச்சு அசலாக ஒரே புத்தகம், ஒருத்தி மட்டும் ஏன் அதை வேறு மாதிரி வாசித்தாள்? இன்னொரு பக்கம், அலர்ஜி நோய்கள் பல நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெருகியிருக்கின்றன. அவ்வளவு வேகத்தில் மரபணு வரிசை மாறாது.

இந்த இடத்தில்தான் எபிஜெனிடிக்ஸ் வருகிறது. தமிழில் மேல்மரபியல் என்று எழுதுகிறார்கள். 1942இல் கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளர் இந்தச் சொல்லை உருவாக்கியபோது டிஎன்ஏவின் வடிவமே யாருக்கும் தெரியாது. ஒரே கருவிலிருந்து கண்ணும் ஈரலும் தோலும் எப்படி உருவாகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. இப்போது அந்தச் சொல், டிஎன்ஏவின் எழுத்தை மாற்றாமல், எது வாசிக்கப்படும், எது வாசிக்கப்படாது என்று தீர்மானிக்கும் அடையாளங்களைக் குறிக்கிறது. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது மெத்திலேற்றம்: டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் ஒரு சின்ன மீத்தைல் தொகுதி வந்து ஒட்டிக்கொள்வது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது நிறைய ஒட்டினால் பொதுவாக அந்த மரபணு அடங்கிவிடும்.

தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'க' என்று எழுதி மேலே ஒரு புள்ளி வைத்தால் 'க்'. எழுத்து அதேதான், உள்ளேயிருந்த உயிரின் வாயைப் புள்ளி அடைத்துவிடுகிறது. மீத்தைல் தொகுதி என்றதும் எனக்கு இந்தப் புள்ளிதான் ஞாபகம் வரும். பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். எது மெய், எது உயிர்மெய் என்று படிப்பவர்தான் இடம் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். தப்பாக நினைத்துப் படித்தால் பொருளே மாறிவிடும். உடம்பில் அந்தப் புள்ளிகளை வைப்பதும் அழிப்பதும் கருவில் தொடங்கி சாகும்வரை நடக்கிறது. 2005இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று, சின்ன வயது இரட்டையரின் அடையாளங்கள் ஏறக்குறைய ஒத்துப்போவதையும், வயது ஏற ஏற, அதிலும் பிரிந்து வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்களிடம், அவை விலகிப் போவதையும் காட்டியது.

புள்ளி மட்டும் அல்ல, சுருட்டலும் உண்டு. ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் அடங்கவேண்டும். அதற்காக ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூல்போலச் சுற்றிக் கிடக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தை யாரும் வாசிக்க முடியாது. அந்த ஹிஸ்டோனில் அசிட்டைல் தொகுதி ஒட்டினால் சுற்று தளர்ந்து அந்தப் பக்கம் திறக்கும், எடுத்துவிட்டால் மறுபடி இறுகும். இந்தத் தளர்வும் இறுக்கமும் பின்னால் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் தும்மலுக்கும் என்ன சம்பந்தம்? நம் ரத்தத்தில் உதவி டி செல்கள் என்ற எதிர்ப்பு மண்டலச் செல்கள் இருக்கின்றன. அனுபவமில்லாத இளம் டி செல், தான் எந்த வேலைக்குப் போவது என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்கும். ஒரு பாதையில் போனால் கிருமிகளோடு மோதும் வகை. அதற்குக் கையாள் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதம். இன்னொரு பாதை டி.எச்.2. அதற்கு இன்டர்லூக்கின்-4, 5, 13. இவைதான் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைச் சுரக்கவைத்து, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களைக் கூட்டி வந்து, மூச்சுக்குழலில் சளியையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. டி.எச்.2 ஆவது என்று முடிவானதும் இன்டர்லூக்கின்-4 மரபணுவின் மேலிருந்த புள்ளிகள் அழிகின்றன, இன்டர்ஃபெரான்-காமா மரபணு பூட்டப்படுகிறது. அந்தச் செல் பிரிந்து இரண்டாகும்போது இந்த அடையாளங்களும் படியெடுக்கப்படும். எடுத்த முடிவைச் செல் மறப்பதில்லை. இரண்டு பக்கமும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் மூன்றாவது வகை, ஒழுங்குபடுத்தும் டி செல். அதன் தலைமை மரபணு ஃபாக்ஸ்பி3. அதன் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மீத்தைல் இல்லாமல் இருந்தால்தான் அது நிலையாக வேலை செய்யும்.

பிறக்கும் குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் இயல்பாகவே டி.எச்.2 பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. முதல் சில வருஷங்களில் அந்தச் சாய்வு சரியாகவேண்டும். சிலருக்குச் சரியாவதில்லை. ஏன் சரியாவதில்லை என்பதில்தான் மொத்தச் சண்டையும்.

மாட்டுத்தொழுவத்துத் தூசி

படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவில் நடந்த ஓர் ஒப்பீடு. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டு பேரின் முன்னோரும் ஐரோப்பாவின் நடுப்பகுதியிலிருந்து போனவர்கள், மரபணு ரீதியாக நெருங்கியவர்கள். பெரிய குடும்பம், தாய்ப்பால், வீட்டுக்குள் தொலைக்காட்சி இல்லாமை, வளர்ப்பு விலங்கை வீட்டுக்குள் விடாமை என்று வாழ்க்கையும் பெரும்பாலும் ஒன்றுபோல. வித்தியாசம் ஒன்றுதான். ஆமிஷ் மக்கள் குதிரையைப் பூட்டிப் பழைய முறையில் குடும்பப் பண்ணை நடத்துகிறார்கள், தொழுவம் வீட்டை ஒட்டி இருக்கும், பிள்ளைகள் அங்கேயே விளையாடுவார்கள். ஹட்டரைட் பண்ணை இயந்திரமயம், மாடுகள் தூரத்தில். 2016இல் வந்த அந்தக் கட்டுரையின்படி ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளிடம் 21 சதவீதம். அலர்ஜிப் பொருள்களுக்கு ஐஜிஇ உருவாகியிருப்பதிலும் 7க்கு 33 என்ற அளவில் வித்தியாசம். அதோடு விடவில்லை. இரண்டு பக்க வீடுகளிலும் தூசியைச் சேகரித்து எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசி எலிகளை ஆஸ்துமாவிலிருந்து காப்பாற்றியது, ஹட்டரைட் தூசி காப்பாற்றவில்லை. தூசி என்றாலே துரத்தித் துரத்தித் துடைக்கிற வீட்டில் உட்கார்ந்து இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

தொழுவத்துக் கிருமிக்கும் எபிஜெனிடிக்ஸுக்கும் நேரடித் தொடர்பை ஜெர்மனியில் மார்பர்க் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினார்கள். மாட்டுத்தொழுவத்தில் கிடைத்த அசினெட்டோபாக்டர் லுவோஃபியை என்ற பாக்டீரியாவைக் கர்ப்பமாக இருந்த எலிகள் சுவாசிக்கும்படி செய்தார்கள். குட்டிகளுக்குப் பிறகு ஆஸ்துமாவை வரவைக்க முயன்றபோது அவை தப்பித்தன. அந்தக் குட்டிகளின் டி செல்களில் இன்டர்ஃபெரான்-காமா மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஹிஸ்டோன் அசிட்டைல் குறையாமல் இருந்தது. கதவு திறந்தே இருந்தது என்று சொல்லலாம். அசிட்டைலை ஒட்டும் நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் பாதுகாப்பும் போய்விட்டது. 2011இல் வெளிவந்த வேலை இது. அம்மா மூச்சில் இழுத்த ஒன்று, பிள்ளையின் டி செல்லில் ஒரு மரபணுவைத் திறந்து வைத்திருக்கிறது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, இங்கேயும் அம்மாதான்.

எல்லாச் சாலையும் அவளிடம்தான்

அந்த எரிச்சலோடு மேலே படித்தபோது ஒரு விஷயம் புரிந்தது. இந்தத் துறையில் எந்தக் கதவைத் திறந்தாலும் அம்மாவின் வயிற்றில் போய் நிற்கிறது. அதில் ஒரு பகுதி நியாயம். கர்ப்ப காலத்தில் புகைத்த தாய்மாரின் குழந்தைகளைப் பற்றி 2016இல் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 6,685 பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மெத்திலேற்றம் மாறியிருந்தது. அந்த மாற்றங்களில் பல வளர்ந்த பிள்ளைகளிடமும் தெரிந்தன. இது உறுதியான செய்தி, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் உறுதியில்லாதவையும் அதே குரலில் அவளிடம் வந்து சேர்ந்தன. ஃபோலிக் ஆசிட் மீத்தைல் தொகுதிகளுக்கு மூலப்பொருள் தரும் சத்து. 2008இல் எலிகளில் நடந்த ஒரு பரிசோதனை, கர்ப்பத்தில் இப்படிப்பட்ட சத்துகளை நிறையக் கொடுத்தால் குட்டிகளுக்கு அலர்ஜி ஆஸ்துமா கூடுகிறது என்றது. பெரிய பத்திரிகையில் வந்தது, செய்தியானது, கர்ப்பிணிகள் பயந்தார்கள். பல வருஷம் கழித்து அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற செய்தி பயந்தவர்களில் எத்தனை பேரை எட்டியிருக்கும்? ஃபோலிக் ஆசிட் குழந்தையின் தண்டுவடக் கோளாறைத் தடுக்கிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. அதை யாரும் நிறுத்தக் கூடாது. என் மனைவியின் குறிப்பில் அதற்கும் ஒரு வரி இருந்தது: 'ஃபோலிக் ஆசிட், ஒருநாள் இரண்டு போட்டேனோ?'

நிலக்கடலைக் கதை இன்னும் மோசம். 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை கொடுக்காதீர்கள் என்றது. 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015இல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை, ஒரு வயதுக்குள்ளேயே கொடுக்க ஆரம்பித்தால் அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. 2003இல் சொன்னபடி கேட்டு நடந்த ஒரு தாய்க்கு 2015இல் எப்படி இருந்திருக்கும்! சொன்ன பேச்சைக் கேட்டதே தப்பாகிவிட்டது.

அவள் கையில் இல்லாதவையும் இருக்கின்றன. 1998 ஜனவரியில் கனடாவின் க்யூபெக் பகுதியில் பனிப்புயல் அடித்து லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது, சில வீடுகளில் ஐந்து வாரத்துக்கும் மேல். அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். தாய் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் அல்லாடினார் என்பதற்கும், பதின்மூன்று வயதில் அந்தப் பிள்ளையின் டி செல்களில் இருந்த மெத்திலேற்றத்துக்கும் தொடர்பு தெரிந்தது. கலிஃபோர்னியாவில், காற்று மோசமான ஃப்ரெஸ்னோ நகரப் பிள்ளைகளின் ஃபாக்ஸ்பி3 மரபணுவில், காற்று நன்றாக இருக்கும் பாலோ ஆல்டோ பிள்ளைகளைவிட மீத்தைல் அதிகம், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பலவீனம். பனிப்புயலுக்கும் ஊர்க் காற்றுக்கும் எந்தப் படிவத்தில் எந்தத் தாய் பதில் சொல்வாள்? மனைவி குறிப்பிலிருந்த '7ஆம் மாதம் தூக்கம் இல்லை' என்ற வரியை இப்போது வேறு மாதிரி படித்தேன். அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தவர் ஒருவர் இருந்தாரே, அவரை யாரும் விசாரிக்கவில்லை.

பதினான்கு

இரண்டு கட்டுரைகள் என்னை உலுக்கின. தற்செயலாக இரண்டிலும் எனக்குப் பதினான்கு என்ற எண் வந்தது.

முதலாவது 2018இல் ஐரோப்பாவில் பல நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதியது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் 14 இடங்களில் மெத்திலேற்றம் குறைவாக இருந்தது. நாலைந்து வயதில் தெரிந்தது, பதினாறு வயதிலும் தெரிந்தது. பிறந்தபோது எடுத்த தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த வித்தியாசம் இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். பிறந்தபோது இல்லை. அந்த மாற்றம் பெரும்பாலும் ஈசினோஃபில், சிலவகை டி செல்கள் ஆகியவற்றில் இருந்தது, அதாவது நோயில் ஏற்கெனவே ஈடுபட்டிருக்கும் செல்களில். அப்படியானால் அது நோயைக் கொண்டுவந்த அடையாளமா, நோய் விட்டுப்போன தடமா? ரத்தத்தை எடுத்து மெத்திலேற்றத்தை அளப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். அடுத்த வருஷம் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, பிற்பாடு ஆஸ்துமா வந்தவர்களின் பிறப்பு ரத்தத்தில் 9 இடங்களில் வித்தியாசம் கண்டது. வளர்ந்த பிள்ளைகளிடம் பார்த்தபோது 179 இடங்கள். பிறப்புக்கு முன்னால் எழுதப்பட்டது கொஞ்சம், பின்னால் எழுதப்பட்டது நிறைய என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நிபுணர்கள் இதைவிட ஜாக்கிரதையாகச் சொல்வார்கள்.

இரண்டாவது கட்டுரையை ராத்திரி ஒரு மணிக்குப் படித்தேன். மகளுக்கு அன்று இருமல், பக்கத்து அறையில் மனைவி அவளை நிமிர்த்தி உட்காரவைத்துத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். வட ஐரோப்பிய நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு, 2017இல் வந்தது. கேள்வி அப்பாவைப் பற்றியது. கருத்தரிப்பதற்கு முன்னால் அப்பா புகைத்தாரா, எந்த வயதில் தொடங்கினார்? பதினைந்து வயதுக்கு முன்னால் புகைக்கத் தொடங்கிய அப்பாக்களின் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே வரும், அலர்ஜி சாராத ஆஸ்துமா சுமார் மூன்று மடங்கு. பிள்ளை பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அவர் விட்டிருந்தாலும் அந்தத் தொடர்பு போகவில்லை. பருவம் எட்டும் வயதில் ஆண் உடம்பில் விந்தணுக்களுக்கு மூலமான செல்கள் பெருகுகின்றன, அவற்றின் அடையாளங்களும் மாறுகின்றன. அந்த நேரத்தில் புகை போனால் எழுத்தில் கறை படிந்துவிடுமோ என்பது அவர்களுடைய ஊகம். 2023இல் அதே குழு, அப்படிப்பட்ட அப்பாக்களின் பிள்ளைகளுடைய ரத்தத்தில் 19 இடங்களில் மெத்திலேற்றம் மாறியிருப்பதைப் பார்த்தது.

நான் முதல் சிகரெட்டைப் பிடித்தபோது எனக்கு வயது பதினான்கு. பள்ளிக்கூட மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மூன்று பேருக்கு ஒரு சிகரெட். முதல் இழுப்பில் இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, அடுத்த முறை எனக்கு வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு மறுபடி இழுத்தேன். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் தினசரிப் பழக்கம் ஆனது. இருபத்தெட்டில் விட்டேன், அதைப் பெரிய சாதனைபோல இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். ஏழு வருஷத்தில் எத்தனையோ மருத்துவர்கள், எத்தனையோ படிவங்கள். எந்த வயதில் தொடங்கினீர்கள் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது மகளோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்து அறையில் இருந்தவளோ பெயிண்ட் வாசனை வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

சரி, உடனே மார்பில் அடித்துக்கொள்ளவும் கூடாது. ஆய்வு சொல்வது தொடர்பைத்தான், இது இதனால் வந்தது என்று நிறுவவில்லை. அதுவும் அலர்ஜி சாராத ஆஸ்துமாவில் தெரிந்த தொடர்பு. என் மகளுக்கு இருப்பது ஐஜிஇ ஏகமாக ஏறிய சுத்தமான அலர்ஜி ஆஸ்துமா. ஆக, அந்தக் கட்டுரை அவளைப் பற்றிப் பேசவே இல்லை என்று வாதாடலாம். இன்னொன்றும் உண்டு: விந்தணுக்களின் மூலச்செல்கள் கருவிலேயே உருவாகும்போதும், கருத்தரித்த உடனேயும், மீத்தைல் அடையாளங்கள் பெரும்பாலும் துடைக்கப்படுகின்றன. அந்தத் துடைப்பைத் தாண்டி மனிதர்களில் எது பிழைத்து வருகிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இவ்வளவும் அந்த ராத்திரியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை. இப்படி ஆறு வருஷம் தூங்காமல் இருந்தவள் ஒருத்தி என்பது அப்போதுதான் எனக்கு உடம்பில் உறைத்தது.

பத்து மூச்சு

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகளுக்குத் தடுப்பு இன்ஹேலர் கொடுப்பது என் வேலை. குலுக்கி, ஸ்பேசர் என்ற குழாயில் பொருத்தி, அவள் வாயில் வைத்ததும் ஒரு அழுத்து. அவள் மூச்சு விடுகிறபோதெல்லாம் உள்ளேயிருக்கும் சின்ன வால்வு டிக், டிக் என்று அடிக்கும். பத்து எண்ணவேண்டும். சில நாள் ஏழிலேயே நிறுத்திவிட்டுப் பத்து என்று சாதிப்பாள். பிறகு வாய் கொப்பளிக்கவேண்டும், அதற்கு ஒரு தனிச் சண்டை.

அந்த மருந்து ஸ்டீராய்டு, வீக்கத்தைக் குறைக்கும் என்ற அளவில்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அது எப்படிக் குறைக்கிறது என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. மூச்சுக்குழலில் வீக்கம் கிளம்பும்போது, வீக்கப் புரதங்களுக்கான மரபணுக்களைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன்களில் அசிட்டைல் ஒட்டி, சுற்று தளர்ந்து, அவை வாசிக்கப்படத் தொடங்குகின்றன. ஸ்டீராய்டு செல்லுக்குள் போய் எச்டிஏசி2 என்ற நொதியை அந்த இடத்துக்கு அழைத்துவருகிறது. அது அசிட்டைலை எடுத்துவிட, சுற்று மறுபடி இறுகுகிறது. அதாவது இத்தனை ராத்திரிகளாக நான் எபிஜெனிடிக்ஸ் மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், பெயர் தெரியாமல். சிகரெட் புகை அந்த நொதியைக் குறைத்துவிடும். புகைக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்ஹேலர் சரியாகக் கேட்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுதப்பட்டதை மாற்றலாம் என்பதில் எனக்கு ஒரு தெம்பு இருக்கிறது. அதற்காக எல்லாம் அழிந்துவிடும் என்று நம்பவும் இல்லை. மூக்கில் நாள்பட்ட வீக்கமும் சதை வளர்ச்சியும் உள்ளவர்களின் மூக்கு உட்படலத்து மூலச்செல்களை 2018இல் ஆராய்ந்தவர்கள், அந்தச் செல்கள் டி.எச்.2 சமிக்ஞைகளின் நினைவைத் தங்களுக்குள் வைத்திருப்பதைப் பார்த்தார்கள். வெளியே எடுத்து வளர்த்தாலும் அந்த நினைவு தெரிந்தது. மகளின் மூக்கு எதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறதோ! எபிஜெனிடிக்ஸைப் படித்து மனசால் மரபணுவை மாற்றலாம், இந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தால் புள்ளி அழியும் என்று வீடியோ போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு இடத்துப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கும் அலர்ஜி மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.

மனைவியிடம் அந்தக் குறிப்பைப் பார்த்ததைச் சொன்னேன். பதினான்கு வயதையும் சொன்னேன். கட்டுரையைப் பற்றி விளக்கத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள். "இத்தனை நாள் ஏன் சொல்லலை?" "யாரும் கேட்கலை." கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னையும் யாரும் பெயிண்ட் பத்திக் கேட்கலை" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளும் அதோடு விட்டுவிட்டு மகளின் சீருடையை மடிக்கப் போனாள்.

போன மாதம் மறுபடி ஒரு புது மருத்துவரிடம் போனோம். உள்ளே போவதற்கு முன் பயிற்சி மருத்துவர் ஒருவர், இருபத்துமூன்று இருபத்துநாலு வயது இருக்கும், படிவத்தோடு வந்து மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, ப்ரெக்னன்சி டைம்ல ஏதாவது..." என்று ஆரம்பித்தார். மனைவி என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணு சொல்லணும் டாக்டர், நான் பதினாலு வயசுல சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சேன்" என்றேன். அவர் படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இதுக்குக் கட்டம் இல்லையே சார்" என்றார். அப்புறம் ஓரத்தில், தாயின் விவரம் என்று போட்டிருந்த கட்டத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் எதையோ எழுதிக்கொண்டு, "சரி, சிசேரியனா நார்மலாம்மா?" என்று கேட்டார்.